அரங்க இருட்டில் ஒரு பென்சில்: வாசகர் கேள்வி, ஓவியர் பதில்

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே நடிகர்களைக் கோட்டோவியமாக வரைந்து, நாடகம் முடிந்ததும் அந்த ஓவியத்தின் மேலேயே அவர்களிடம் கையெழுத்துப் பெறும் வழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் இம்மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோடை நாடக விழாவுக்கு வரைபுத்தகத்தோடு போனேன். விளக்கு அணைந்ததும் தாளும் தெரியவில்லை, பென்சில் முனையும் தெரியவில்லை. இருட்டில் எப்படித்தான் வரைவது?
– வாசகர், நங்கநல்லூர்

சபா அரங்கம் நாம் அஞ்சும் அளவுக்கு இருட்டாக இருப்பதில்லை. மேடை விளக்கின் ஒளி முதல் ஆறேழு வரிசைகள் வரை சிந்திக்கொண்டுதான் இருக்கிறது; சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் கண் பழகி, தாளின் வெண்மையும் அதன்மேல் விழும் கருங்கோடும் மங்கலாகவேனும் புலப்படத் தொடங்கும். ஆகவே மூன்றாம் வரிசைக்கும் ஆறாம் வரிசைக்கும் இடையில், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையாகப் பார்த்து அமருங்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் நடிகரின் முகம் பெரும்பாலும் முக்கால் பக்கமாகத் தெரியும். மூக்கின் நீளமும் தாடையின் வளைவும் நேர்முகத்தைவிட முக்கால் முகத்தில்தான் விரைவாகப் பிடிபடும்.

மென்மையான 6பி பென்சில்கள் மூன்று நான்கைச் சீவி எடுத்துச் செல்லுங்கள். அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இருட்டில் எதை அழிக்கிறோம் என்பதே தெரியாது. கம்பிச்சுருள் போட்ட புத்தகத்தைவிடத் தைத்துக் கட்டிய புத்தகம் நல்லது. பக்கம் திருப்பும்போது ஒலி எழாது. இடக்கைக் கட்டைவிரலைத் தாளின் மேல் ஓரிடத்தில் ஊன்றி, அதையே நடிகரின் தலை இருக்குமிடமாகக் கொள்ளுங்கள். அதன்பின் தாளைக் குனிந்து பார்க்காமலே தோள், இடுப்பு, பாதம் என்று கை இறங்கி வரும். எங்கே நின்றாலும் விரல் இருக்குமிடத்துக்குத் திரும்பிவிடலாம்.

எதை முதலில் வரைவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பெரும்பாலோர் முகத்தில் தொடங்குகிறார்கள். கண்ணை முடிப்பதற்குள் நடிகர் மேடையின் மறுகோடிக்குப் போய்விடுகிறார். முதுகெலும்பின் வளைவையும், உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதையும் முதலில் இரண்டு கோடுகளில் போட்டுவிடுங்கள். அடுத்து தலையின் சாய்வு, அதற்கடுத்து கைகள். முகம் கடைசியில் வரட்டும். அதே முகம் அடுத்த காட்சியிலும் வரப்போகிறது, அந்த நிலை வராது.

நம் சபா நாடகங்களில் ஓவியனுக்கு வாய்த்த ஒரு சலுகையும் உண்டு. நகைச்சுவை வசனத்தைச் சொல்லி முடித்த நடிகர், அரங்கின் சிரிப்பும் கைதட்டலும் அடங்கும் வரை அடுத்த வசனத்தைத் தொடங்க முடியாமல் அதே நிலையில் ஓரிரு நொடிகள் அசையாது நிற்பார். அனுபவமுள்ளவர்கள் அந்த இடைவெளியில் புருவத்தைக்கூட மாற்றுவதில்லை. சிரிப்பு எழும் இடமே வரைய வேண்டிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சிரிக்கும்போது நீங்கள் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பழக வேண்டியிருக்கும், அது சற்றே கடினம்தான். ஒரே நாடகம் பல சபாக்களில் மீண்டும் மீண்டும் மேடையேறுவதும் நமக்கு வசதி. முதல் முறை பென்சிலைத் தொடாமல் பார்த்துவிட்டு, சிரிப்பு எங்கெங்கே எழுகிறது, யார் எங்கே நிற்கிறார் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டாம் முறை வரையுங்கள்.

நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்த ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட், இருட்டில் வரையும் பழக்கத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்றால், கோட்டுப் பைக்குள்ளேயே சிறு தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு, வெளியே எடுக்காமலே குறிப்பு எடுக்கப் பழகியிருந்தார். அந்தக் குறிப்புகள் அவருக்கு மட்டுமே விளங்கும். பிறகு தன் பட்டறையில், முடி திருத்துபவரின் பழைய நாற்காலி ஒன்றில் அமர்ந்து, அவற்றை மையால் முழு ஓவியமாக்குவார். 1903இல் பிறந்து 2003 ஜனவரியில், நூறு வயதை எட்டச் சில மாதங்கள் இருக்கையில் மறைந்தார். அதே ஆண்டு பிராட்வே அரங்கம் ஒன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பையிலிருந்து வெளியே எடுக்காமல் வரையும் அளவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசி விளக்கைப் போட்டு வரைவது மட்டும் கூடவே கூடாது. பின்வரிசையில் இருப்பவர் கண்ணிலும் படும், மேடையில் நிற்பவர் கண்ணிலும் படும்.

வரைவதற்குச் சபாவிடமோ நாடகக் குழுவிடமோ முன்அனுமதி பெற வேண்டுமா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

நாடகத்தை ஒலியாகவோ காணொளியாகவோ பதிவு செய்வதற்கு நடிகர்களின் இசைவு வேண்டும் என்று நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. சபாக்களும் அதைத் தடுக்கின்றன. இருக்கையில் அமர்ந்து பென்சிலால் வரைவதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் செயலாளரிடமோ வாயிலில் நிற்பவரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. அதில் பலனும் உண்டு; நாடகம் முடிந்தபின் ஒப்பனை அறைக்கு வழிகாட்டுபவர் அவராகத்தான் இருப்பார்.

கையெழுத்தை எப்போது கேட்பது? நாடகம் முடிந்து உள்ளே போனால் ஒரே கூட்டம். நடிகர்கள் வேறு களைத்துப்போயிருக்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

இடைவேளையில் கேட்காதீர்கள். இடைவேளையில் நடிகர் அடுத்த காட்சிக்கு உடை மாற்றிக்கொண்டிருப்பார், அல்லது சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கக் காத்திருப்பார். இரண்டுமே பொறுமையைச் சோதிப்பவை. நாடகம் முடிந்து திரை விழுந்தவுடனும் ஓடாதீர்கள். அப்போது உள்ளே போவோர் உறவினர்களும் பழைய நண்பர்களும்தான். அந்த முதல் அலை ஓயட்டும். ஒப்பனையை முழுவதும் துடைத்துச் சொந்த உடைக்கு மாறியபின் நடிகர் வீடு திரும்பும் மனநிலைக்கு வந்துவிடுகிறார். ஆகவே பாதி ஒப்பனை கலைந்த நிலையில், ஒரு குவளை காபி கைக்கு வந்த நேரமே ஏற்ற நேரம்.

பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, வணக்கம். இன்று நீங்கள் நடித்துக்கொண்டிருக்கும்போது வரைந்தேன். பார்த்துவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பார்க்கட்டும். படம் பார்க்கும் அந்த நேரத்தில் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்குவது, "இருட்டில் வரைந்தது, சரியாக வரவில்லை" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது எல்லாம் வேண்டாம். வெறும் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டுபவரை நடிகர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்திட்டுத் தந்துவிடுவது உண்டு. தன் உருவத்தை நீட்டுபவரை அப்படி அனுப்புவது அரிது. கூச்சத்துக்கு அங்கே இடமில்லை என்றே சொல்வேன், நீங்கள் கேட்க மட்டும் வரவில்லை, ஒன்றைக் காட்டவும் வந்திருக்கிறீர்கள்.

இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்த் திருத்தி அழகாக்கி, அடுத்த காட்சிக்கு எடுத்துவந்து கையெழுத்து வாங்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. திருத்தப்பட்ட படத்தில் நடிகர் காண்பது உங்கள் திறமையை. திருத்தாத படத்தில் அவர் காண்பது அன்று மாலை தான் எப்படி நின்றேன் என்பதை. இதை அவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறார்கள். "தோளை இவ்வளவா தூக்குகிறேன்?" என்று ஒரு நடிகர் கேட்டால், அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். வேண்டுமானால் அதைப் பார்த்து வேறொரு தாளில் எத்தனை அழகாகவும் வரைந்துகொள்ளுங்கள். கையெழுத்து மட்டும் அரங்கில் வரைந்த தாளின் மேல் விழட்டும்.

கதாநாயகரிடம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். வேலைக்காரராகவோ போஸ்ட்மேனாகவோ இரண்டு காட்சிகளில் வந்துபோனவரை நீங்கள் வரைந்திருந்தால், அவரிடம்தான் முதலில் போங்கள்.

ஒரு மூத்த நடிகரை வரைந்து காட்டினேன். "நான் என்ன இவ்வளவு கிழவனாகவா இருக்கிறேன்?" என்று சொல்லிக் கையெழுத்திட மறுத்துவிட்டார். நான் செய்தது தவறா? இனி சற்று அழகுபடுத்தியே வரையலாமா?
– வாசகர், மதுரை

தவறில்லை, நீங்கள் ஒரு பழைய வழக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அவ்வளவே.

1890களில் பாரிஸ் நகரத்தின் மேடைப் பாடகி இவெத் கில்பெர், ஓவியர் துலூஸ் லோத்ரெக் தன்னை வரைந்த விதத்தைக் கண்டு, தன்னை இத்தனை அவலட்சணமாக வரைய வேண்டாம், கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி அவருக்கு எழுதினார். ஓவியர் குறைத்துக்கொள்ளவில்லை. நீண்ட கழுத்து, தூக்கிய மோவாய், முழங்கைக்கு மேல் ஏறிய கறுப்புக் கையுறைகள் என்று அவர் மேடையில் எப்படித் தெரிந்தாரோ அப்படியே தொடர்ந்து வரைந்தார். 1894இல் அந்த ஓவியங்கள் கல்லச்சில் ஒரு தொகுப்பாக, நூறு பிரதிகள் மட்டும் வெளியானபோது, அந்தப் பிரதிகளில் கையெழுத்திட்டுத் தந்தவர் அதே கில்பெர்தான். அடுத்த ஆண்டு பீங்கான் ஓட்டின் மேல் அவரை லோத்ரெக் வரைந்தபோது, "குட்டிப் பூதமே, எத்தனை கோரமாகச் செய்துவிட்டாய்!" என்ற பொருளில் அதன் மேலேயே எழுதிக் கீழே தன் பெயரையும் இட்டார். என்னைக் கேட்டால், நடிகரும் ஓவியரும் சேர்ந்து உருவாக்கிய படங்களில் அந்தப் பீங்கான் ஓட்டுக்கு இணையானது இல்லை. கோபத்தையும் ஒப்புதலையும் ஒரே வரியில் எழுதித் தந்த கையெழுத்து அது. இன்று கில்பெரின் பெயரைச் சொன்னதும் உலகின் நினைவுக்கு வருவது அந்தக் கறுப்புக் கையுறைகள்தாம்.

இதற்கு நேர்மாறாக முடிந்த கதையும் உண்டு. ஜப்பானின் எதோ (இன்றைய டோக்கியோ) நகரத்தில், 1794ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தே மாதங்களுக்குள், கபுகி நாடக நடிகர்களை ஏறக்குறைய 140 மரஅச்சுப் படங்களில் வரைந்து தள்ளினார் ஷராக்கு என்பவர். அக்காலத்தில் ரசிகர்கள் வாங்கியவை தங்கள் அபிமான நடிகரை அழகாகக் காட்டும் படங்கள். ஷராக்குவோ, பெண் வேடமிட்ட ஆண் நடிகரின் கனத்த தாடையையும், வில்லனின் விரிந்த விரல்களையும் பிதுங்கிய கண்களையும் மறைக்காமல் வரைந்தார். உண்மையை மிகையாக வரைந்ததால்தான் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை என்று அவர் காலத்தை அடுத்து எழுதப்பட்ட ஓவியர் வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அவர் யார், எங்கிருந்து வந்தார், பிறகு என்ன ஆனார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அன்று அழகாக வரையப்பட்டு விலைபோன படங்கள் பலவற்றை இன்று ஆராய்ச்சியாளர்களே தேடிப் பார்க்கிறார்கள். ஷராக்குவின் படங்களை அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

ஆகவே அழகுபடுத்தாதீர்கள். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். மேலிருந்து விழும் மேடை விளக்கு கண்ணுக்குக் கீழும் மூக்கின் ஓரத்திலும் கனத்த நிழலைத் தருகிறது. அதை அப்படியே கோடாக்கினால் நாற்பது வயதுக்காரருக்கும் அறுபது வயது வந்துவிடும். முதுமை முகத்தில் இருந்ததா, விளக்கில் இருந்ததா என்று பிரித்துப் பார்ப்பது வரைபவரின் பொறுப்பு. விளக்கில் இருந்தது என்றால் அந்தக் கோடுகள் வேண்டாதவை. முகத்தில் இருந்தது என்றால் இருக்கட்டும். அடுத்த முறை அந்த நடிகரை வேறொரு வேடத்தில் வரைந்து காட்டுங்கள். மறுத்தவரிடம் அதே படத்தை மீண்டும் நீட்டுவது மட்டும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் மேடைக் கலைஞர்களை வரைந்தவர்களில் யாருடைய படங்களைப் பார்த்துக் கற்கலாம்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

முதலில் மாலி. 1930களின் ஆனந்த விகடனில் அவர் வரைந்த சங்கீத வித்வான்களின் கேலிச்சித்திரங்களைத் தேடிப் பாருங்கள். அவர்கள் நடிகர்கள் அல்லர் என்றாலும் மேடையில் இருப்பவர்கள். பாடும்போது வாய் கோணுவதையும் கை காற்றில் எதையோ பிடிக்க முயல்வதையும் ஒன்றிரண்டு கோடுகளில் அவர் நிறுத்திவிடுகிறார். கீழே பெயர் போடாவிட்டாலும் யார் என்று அக்கால ரசிகருக்குத் தெரிந்திருக்கும். அடுத்து, மாலியைக் குருவாகக் கொண்ட கோபுலு (1924–2015). உங்கள் ஊரிலேயே பிறந்தவர். தனி மனிதரைவிடக் கூட்டத்தை அவர் எப்படி வரைகிறார் என்று கவனியுங்கள். பந்தலில் அமர்ந்திருக்கும் பத்துப் பேரில் எவரும் இன்னொருவரைப் போல உட்கார்ந்திருக்க மாட்டார். மேடையில் நான்கு பேர் ஒரே சமயத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்பதற்கு அதில் விடை கிடைக்கும்.

பென்சில் ஓவியத்தின் மேல் கையெழுத்து வாங்கினால் சில மாதங்களில் இரண்டுமே கலங்கிவிடுகின்றன. எந்தப் பேனா, எந்தத் தாள் நல்லது? லேமினேட் செய்து வைக்கலாமா?
– வாசகர், சென்னை, மயிலாப்பூர்

லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டும் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க இயலாது. 6பி பென்சிலின் மென்கரியும் நசுங்கிப் பளபளத்துப் போகும்.

தாள் அமிலமற்றதாக, சற்றே சொரசொரப்புள்ளதாக இருக்கட்டும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, மை உலரவும் நேரமாகும். கையெழுத்துக்கு, நிறமித் துகள் கலந்த கறுப்பு மைப்பேனாவை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். ஓவியக் கடைகளில் கோட்டுப்படப் பேனா என்று கேட்டால் தருவார்கள். சாதாரண ஸ்கெட்ச் பேனாவின் சாயமை வெளிச்சத்தில் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். நடிகரின் சட்டைப்பையில் இருக்கும் பேனாவை நம்பி இருக்காதீர்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தத்தில் தாளில் பள்ளம் விழச் செய்யும், ஜெல் பேனா உலர்வதற்குள் அவரது உள்ளங்கையே அதை இழுத்துவிடும். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பென்சில்கரி படிந்த இடத்தில் மை சரியாக ஒட்டாது. ஆகவே வரையும்போதே தாளின் கீழ்ப்பகுதியில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டுப் பழகுங்கள். நடிகர் அதற்குள்தான் கையெழுத்திடுவார் என்று நினைக்காதீர்கள்; சிலர் தம் மார்பின் மேலேயே எழுதிவிடுவார்கள். தடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், மை முழுவதும் உலர்ந்தபின், பென்சில் நிலைப்பான் திரவத்தைத் தூரத்திலிருந்து மெல்லியதாக இருமுறை தெளியுங்கள். முதலில் ஓர் உதிரித் தாளில் அதே பேனாவால் எழுதிச் சோதித்துவிடுவது நல்லது. சில மைகளை அந்தத் திரவம் கரைத்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் படங்களைச் சுவரையொட்டி அடுக்கி வைக்கக் கூடாது; மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், பிறகு வெள்ளிப்பூச்சி வரும். படங்களுக்கு இடையில் அமிலமற்ற மெல்லிய தாளை வைத்து, தட்டையான பெட்டியில் படுக்கவைத்து, ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்துக் காற்றுப்படச் செய்தால் போதும். வெயிலில் காயவைக்காதீர்கள்.

படத்தின் பின்புறம் நாடகத்தின் பெயர், நடிகரின் பெயர், அன்று ஏற்ற வேடம், சபா, தேதி ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிட வேண்டும். உங்கள் சொந்தக் கையெழுத்தையும் முன்புறத்தில், நடிகருடையதைவிடச் சிறிதாக, இடுங்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் தம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண்ணையும் எழுதுவார்; 1945இல் பிறந்த தம் மகள் நீனாவின் பெயரை ஓவியத்தின் உடைமடிப்பிலும் தலைமுடியிலும் எத்தனை இடங்களில் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதற்கான கணக்கு அது. நாடகத்தை விட்டுவிட்டு அந்தப் பெயரைத் தேடியவர்களே அதிகம் என்றாகிவிட்டது. நீங்கள் அந்த வம்புக்குப் போக வேண்டாம்.

செய்யாறு பக்கத்தில் உறவினர் ஊரில் பாரதக் கூத்து நடக்கிறது. கூத்துக் கலைஞர்களை வரைந்து கையெழுத்து வாங்க விரும்புகிறேன். சபா நாடகத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
– வாசகி, வேலூர்

எல்லாமே வேறு. முதலில், வெளிச்சக் குறைவு என்ற கவலை இல்லை. ஒரு காலத்தில் தீவட்டியும் பிறகு பெட்ரோமாக்ஸும் இருந்த இடத்தில் இன்று குழல்விளக்குகளும் பெரிய மின்விளக்குகளும் வந்துவிட்டன. பார்ப்பவர்களும் அதே வெளிச்சத்தில்தான் இருக்கிறார்கள். நேரமும் தாராளம். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கிப் பொழுது விடியும் வரை ஆட்டம் நடக்கும்.

ஆனால் கூத்தை வரையத் தொடங்க வேண்டிய இடம் ஆட்டக்களம் அல்ல, வேஷம் கட்டும் இடம். கலைஞர்கள் தாங்களே கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்துக்கு வண்ணம் எழுதுகிறார்கள். அதன்பின் துணிகளை அடுக்கடுக்காகக் கட்டி இடுப்பை அகலமாக்கி, மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த கிரீடம், தோளணியான புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவற்றை ஒருவருக்கொருவர் உதவி இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். பல மணி நேரம் நடக்கும் இந்த வேலையின்போது அவர்கள் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பார்கள். அந்த அணிகளின் அமைப்பை அங்கே அமைதியாக வரைந்து மனத்தில் ஏற்றிக்கொண்டால், நள்ளிரவில் துரியோதனன் சுழன்றாடும்போது ஒவ்வொரு கண்ணாடிச் சில்லையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாவாடையின் விரிந்த வட்டத்தையும் ஊன்றிய பாதத்தையும் மட்டும் பிடித்தால் போதும். வேஷம் கட்டுமிடத்தில் அமர்வதற்கு முன் குழுவின் வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

களத்தில் நீங்கள் தவறவிடக் கூடாத கட்டம், முக்கியப் பாத்திரத்தின் முதல் வருகை. இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னிருந்து பாடிக்கொண்டே பாத்திரம் தன்னை வெளிப்படுத்தும். கிரீடத்தின் உச்சி, திரையைப் பற்றிய விரல்கள், கீழே சலங்கை கட்டிய கால்கள் என்று முகமின்றியே ஒரு பாத்திரம் முழுமையாக நின்றுவிடுகிறது. பக்கத்தில் நின்று கட்டியக்காரன் அடிக்கும் கிண்டலையும், பின்னால் அமர்ந்திருக்கும் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணைக்காரர்களையும் சேர்த்து வரைந்தால் படம் நிறைந்துவிடும்.

கையெழுத்தைப் பொறுத்தவரை என் கருத்து சற்று வேறு. விடியற்காலையில் ஆட்டம் முடியும்போது அவர்கள் உடல் ஓய்ந்து கிடக்கும். எண்ணெய் தடவி வண்ணத்தைக் கலைத்து, அடுத்த ஊருக்கு மூட்டை கட்டும் நேரம் அது. அப்போது பேனாவை நீட்டாதீர்கள். வேஷம் கட்டும் முன் மாலையில் போய், முந்தைய இரவு வரைந்ததைக் காட்டுங்கள். பாரதக் கூத்து பல இரவுகள் தொடர்ந்து நடப்பதால் அதற்கு வாய்ப்பு உண்டு. கையெழுத்து வாங்குவதோடு நில்லாமல், படத்தின் நல்ல நகல் ஒன்றையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். கூத்து பார்க்க வரும் ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஆட்டத்துக்கு அன்பளிப்புக் கொடுப்பது அங்குள்ள முறை. இரவு முழுவதும் அமர்ந்து வரைந்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது நமக்கு அழகல்ல. செய்யாறு வரை போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையினர் வாழும் புரிசை அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவர்கள் ஆட்டம் எங்காவது நடந்தால் விட்டுவிடாதீர்கள்.

தாளுக்குப் பதில் டேப்லெட்டில் வரையலாமா?
– வாசகர், பெங்களூரு

வீட்டில் வரையலாம். அரங்கில் அதன் திரை வெளிச்சம் கைப்பேசி விளக்குக்குச் சற்றும் குறைந்ததில்லை.

என் தந்தையார் விட்டுச்சென்ற பொருட்களில் 1950, 60களில் அவர் வைத்திருந்த கையெழுத்துப் புத்தகம் ஒன்று கிடைத்தது. சில பக்கங்களில் சிறு பென்சில் முகங்களும் இருக்கின்றன. நாடக நடிகர்கள் என்று தெரிகிறது. யார் யார் என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திருநெல்வேலி

உங்கள் தந்தையார் வரைந்தே கையெழுத்து வாங்கியிருக்கிறார் என்பது மகிழ்ச்சி தருகிறது. முகம் இருப்பதால் உங்கள் வேலை பாதி குறைந்துவிட்டது.

முதலில் தேதியையும் ஊரையும் தேடுங்கள். அந்நாளில் நாடகக் குழுக்கள் ஒவ்வோர் ஊரிலும் முகாமிட்டு வாரக்கணக்கில் நடத்தும் வழக்கம் இருந்தது. நெல்லையில் எந்த ஆண்டு எந்தக் குழு தங்கியது என்று தெரிந்தால் பெயர்ப் பட்டியல் தானே சுருங்கிவிடும். டி.கே.எஸ். சகோதரர்களின் குழு, ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் போன்றவை அக்காலத்தில் ஊர் ஊராகச் சென்றவை. அடுத்து, அச்சில் கண்ட பெயரையே கையெழுத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் என்று மக்கள் அழைத்தவர், தி.க. சண்முகம் என்று தமிழ் முதலெழுத்துகளோடு எழுதுபவர்; டி.கே.எஸ். என்ற எழுத்துகளை மட்டுமே தேடினால் அவரைக் கண்முன்னே வைத்துக்கொண்டு தவறவிடுவீர்கள். அத்துடன், முகத்தில் உள்ள மீசையும் கிரீடமும் வேடத்துக்கு உரியவை என்பதால், பிற்காலத் திரைப்படப் புகைப்படங்களோடு ஒப்பிடும்போது மூக்கு, காது, மோவாய் ஆகியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீசுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. நாடகத்தின் பெயர், இடம், நடிகர்கள், கட்டண விவரம் வரை அந்த நோட்டீசுகளில் அச்சாகியிருக்கும். புத்தகத்தின் பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மூலத்தைப் பயணங்களில் கொண்டு அலையாதீர்கள். அதில் நீங்கள் கண்டறிந்த பெயர்களை மையால் எழுதிச் சேர்க்கவும் செய்யாதீர்கள். தனித்தாளில் குறித்து உள்ளே வையுங்கள்.

கையெழுத்து வாங்கிய படங்களை விற்கலாமா? நண்பர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார்.
– வாசகர், சேலம்

நீங்கள் வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். கையெழுத்தின் கதை வேறு. உங்கள் மேல் வைத்த அன்பினால் நடிகர் இலவசமாகப் போட்டுத் தந்தது அது. அதன் பலத்தில்தான் விலை ஏறுகிறது என்றால், விற்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுவதே முறை. பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். முகத்தையும் பெயரையும் விளம்பரத்துக்கோ சரக்குகளில் அச்சிடவோ பயன்படுத்துவது என்றால் எழுத்துபூர்வமான இசைவு இல்லாமல் இறங்காதீர்கள்.

இந்த வகையில் நான் கேள்விப்பட்ட ஒப்பந்தங்களில் நேர்த்தியானது நியூயார்க்கின் சார்டிஸ் உணவகத்தில் நடந்தது. நாடக அரங்குகளுக்கு நடுவே உள்ள அந்த உணவகத்தின் சுவர் முழுவதும் நடிகர்களின் கேலிச்சித்திரங்கள். பலவற்றின் மேல் அந்தந்த நடிகரின் கையெழுத்தும் இருக்கும். 1920களின் பிற்பகுதியில் அவற்றை வரையத் தொடங்கியவர் ரஷ்யாவிலிருந்து வந்த அலெக்ஸ் கார்ட் என்பவர். கூலியாகப் பணம் பெறவில்லை, சாப்பாடு பெற்றார். படத்தை உணவக முதலாளி குறை சொல்லக் கூடாது, சாப்பாட்டை ஓவியர் குறை சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குள் இருந்த உடன்பாடு. 1948இல் கார்ட் மறையும் வரை அது நீடித்தது. அவர் வரைந்த படங்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தின் நாடகப் பிரிவில் இருக்கின்றன.

உங்கள் நண்பருக்கு, கையெழுத்தில்லாத ஒரு படத்தை முதலில் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அதே விலையைத் தருகிறாரா என்று தெரிந்துகொண்டு மேலே பேசலாம்.